இடமிருந்து இரண்டாவது

பிப்ரவரி 3

காலையில் கிளப் சமையலறையில் நாலு தட்டு சோள ரொட்டி சுட்டேன். சாப்பிட ஆளில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காலம் முடிந்து பையன்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அலுவலக ஆட்கள் மட்டும் வந்து காபி குடித்தார்கள். யாரை விரட்டுவது, யாரைப் பிடித்துக்கொண்டு வருவது என்று ஒரே பேச்சு. எல்லாம் முன்வரிசையைப் பற்றித்தான். போன வருடம் பந்தெறிகிற பையனை அறுபத்தொரு தடவை தரையில் போட்டு மிதித்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் அவன் கால் முழங்காலுக்குக் கீழே காய்ந்த குச்சி மாதிரி மடிந்தது. சாப்பாட்டுக் கூடத்து டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நான் சட்டி கழுவப் போய்விட்டேன்.

அவனுக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய ஐந்து பேரில் ஒருத்தன் என் கோர்டெல். இடமிருந்து இரண்டாவது. அவன் அப்பா ஹோசியாவும் இதே பர்மிங்ஹாமில், இதே அணியில், அதே இடத்தில் ஒன்பது வருடம் நின்றார். பந்தைத் தொடாத வேலை. மோதுவது மட்டும்தான்.

இது, மண்டையில் அடிபட்ட ஆட்டக்காரர்களை ஆராய்கிற பல்கலைக்கழகத்துக்காரர்கள் கொடுத்த நோட்டு. ஹோசியா இன்றைக்கு எதை மறந்தார், எதை உடைத்தார் என்று தினமும் எழுதச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத வராது என்றேன். வந்ததை எழுதுங்கள் என்றார்கள். ஆள் போய் மூன்று மாதமாகிறது. கை நிற்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 19

முன்வரிசைக்குப் புதுப் பயிற்சியாளர் வந்திருக்கிறார். கெஸ்லர். கழுத்தே இல்லை, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிறார். நான் கோர்டெலின் அம்மா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“உங்க பையனுக்குக் கை நல்லாருக்கு, காலு நல்லாருக்கு, மிஸ் வெர்லீன். வெறிதான் பத்தல.”

“அதை வீட்டு வாசல்லயே விட்டுட்டு வரச் சொல்லித்தான் வளத்தேன், கோச்.”

சிரித்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, “போய் எடுத்துட்டு வரச் சொல்றேன்” என்றார்.

மார்ச் 11

ஐந்தில் மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள். அலமாரியில் இருந்ததைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ஆறு வருடம் என் கையால் சாப்பிட்டவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே போனான்.

நடுவில் நிற்கும் ஃபெட்டுவை வைத்துக்கொண்டார்கள். கோர்டெலையும். சந்தோஷப்பட்டேன். எதற்காக?

மார்ச் 28

ஹோசியாவின் பிறந்தநாள். அறுபது.

பல்கலைக்கழகத்திலிருந்து அந்தம்மா போன் பண்ணினாள். தலையைத் திறந்து பார்த்துவிட்டார்களாம். அடிபட்டு அடிபட்டு வருகிற இந்த மூளை நோயில் நாலு கட்டம் உண்டாம், அவருக்கு நாலாவது. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல வழியில்லையாம்.

வழியில்லையாமே. நான் சொல்வேன். சுவரைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கூடத்துப் பலகைச் சுவரில் முஷ்டி போன ஓட்டை ஏழு இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் சர்ச் காலண்டர் மாட்டி வைத்திருக்கிறேன். ஏழு காலண்டர், ஏழிலும் வேறு வேறு மாதம். ஒரு காலை வேளையில் அடுப்படியில் நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் தரையில் ஒரு கை ஊன்றி, களத்தில் குனிகிற மாதிரி குனிந்தார். விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த நொடி என்னைத் தூக்கிக் குளிர்பெட்டியோடு வைத்து அடித்துவிட்டார். விலா எலும்பு இரண்டு. அப்புறம் என்னைக் கைதூக்கி எழுப்பிவிட்டு, நல்ல ஆட்டம் என்றார். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

நவம்பரில், பட்டப்பகலில், நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் ஓட்டிப் போய் லாரியில் மோதினார். பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ்காரன் சொன்னான். தெரியும். அவருக்கு நிற்கச் சொல்லித் தந்ததே கிடையாது.

ஏப்ரல் 25

கல்லூரிப் பையன்களைத் தேர்வு செய்தார்கள். எங்கள் அணி முதலில் எடுத்தது மின்னசோட்டாவிலிருந்து குன்னர் ஓஸ்பியை. மாட்டுப் பண்ணைக்காரன். ஆறடி ஏழு அங்குலம். இடது ஓரத்தில், என் மகனுக்கு ஒட்டின இடத்தில் நிற்கப் போகிறான். டிவியில் அவனுடைய கல்லூரி ஆட்டத்தைக் காட்டினார்கள். எதிராளியை மல்லாக்கப் போட்டு, விசில் ஊதின பிறகும் மேலேயே படுத்திருக்கிறான். அலுவலகத்தில் கை தட்டினார்கள்.

மே 6

வெயில் ஏறுவதற்குள் பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். களத்து ஓரத்தில் இரும்புக் கூண்டு ஒன்று வைத்திருக்கிறார் கெஸ்லர். கூரை நாலடி உயரம். அதற்குள் குனிந்து நின்று, ஹட் என்று குரல் கொடுத்ததும் வெளியே பாய்ந்து எதிரில் நிற்பவனை இடிக்க வேண்டும். நிமிர்ந்தால் தலை இரும்பில் படும். சமையலறை ஜன்னல் வழியே டங், டங் என்று கேட்கிறது. சர்ச் மணி கூட அத்தனை தடவை அடிப்பதில்லை.

கோர்டெலும் அந்தப் பண்ணைப் பையனும் இன்றைக்கு அடித்துக்கொண்டார்கள். ஓஸ்பிக்குக் கீழ் உதடு கிழிந்துவிட்டது. இருவரையும் விலக்க யாரும் போகவில்லை. கெஸ்லர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாப்பது வினாடி. பரவால்ல. நாளைக்கு ஒரு நிமிஷம் தாக்குப்பிடிங்க” என்றாராம்.

மதியம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பன்னிரண்டு கோழித்தொடை தின்றார்கள். ஓஸ்பி ரத்தத்தோடு சிரித்து, “மிஸ் வெர்லீன், உங்க மகன் முட்டுறது எங்க காளை முட்டுற மாதிரி இருக்கு” என்றான்.

“உங்க காளைக்கு எங்க வீட்டுச் சாப்பாடு போட்டிருந்தா நீ பொழைச்சிருக்க மாட்ட” என்றேன்.

மே 22

கோர்டெல் கார் இன்ஜினை அணைக்காமலே பயிற்சிக்குப் போய்விட்டான். மூன்று மணி நேரம் வாசலில் ஓடியிருக்கிறது.

ஜூன் 12

என்னிடம் இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக, அப்பா கல்லறைக்குக் கல் வைத்தாயிற்றா என்று கேட்டான். ஈஸ்டருக்கே வைத்தாயிற்று. அவனேதான் தூக்கி நட்டான். சொன்னேன். மேஜையில் ஓங்கிக் குத்தினான். உப்புச் சீசா விழுந்து உடைந்தது. “களைப்பா இருக்கேன் மா, ஒரு மனுஷன் களைப்பா இருக்கக் கூடாதா?” அப்புறம் மண்டியிட்டுக் கண்ணாடித் துண்டுகளைத் தானே பொறுக்கினான்.

இருபத்தொன்பது வயது. ஹோசியாவுக்கு நாற்பதில்தான் தொடங்கியது. தொடங்கியது என்று நான் ஒப்புக்கொண்டது நாற்பதில்.

ஜூலை 24

பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது. தொண்ணூறு பேர். விடிவதற்குள் முந்நூறு முட்டை உடைத்தேன்.

இன்றைக்கு எல்லாருக்கும் தலைச் சோதனை. வருடா வருடம், அணியில் காயம் பார்க்கிற ப்ரூயிட் அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பாள். பத்து வார்த்தை காட்டி, கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன என்று கேட்பாள். வரும் எண்ணை எழுதி வைத்துக்கொள்வாள். ஆட்டத்தில் யாருக்காவது மண்டையில் அடிபட்டால் திரும்ப உட்கார வைத்து, எண் குறைந்திருந்தால் களத்துக்கு விட மாட்டாள். அதனால் பையன்கள் இப்போதே வேண்டுமென்று தப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் அடிபட்டாலும் எண் அதேதான் இருக்கும், திரும்பப் போய் முட்டலாம். முன்வரிசைக்காரர்கள் இதில் போட்டியே வைத்திருக்கிறார்கள். ஆகக் குறைவாக வாங்கியவனுக்கு அன்றைக்கு மரியாதை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஃபெட்டு எழுந்து நின்று அறிவித்தான்.

“டேய் கோர்டெல், நான் நாலு சொன்னேன். அதுக்கே அந்தம்மா என்னை மொறைச்சுது. நீ ரெண்டுதான் சொல்லிருக்க. கொஞ்சமாச்சும் வெக்கம் வேணாமாடா?”

“செய்யற தொழில ஒழுங்கா செய்யணும்ல” என்றான் கோர்டெல்.

மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ராஜாவுக்குக் கிரீடம் வேண்டும் என்று ஃபெட்டு கத்தினான். நான் அலுமினியத் தாளை மடித்துக் கிரீடம் செய்து என் மகன் தலையில் வைத்தேன். நானும் சிரித்தேன்.

ஜூலை 27

ஞாயிறு. சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தான். தட்டில் கை வைக்கவில்லை.

“மா, நான் வேணும்னு பண்ணல.”

எதை என்றேன்.

“அந்தச் சோதனை. நெஜமாத்தான் யோசிச்சேன். மொத வார்த்தை வந்துச்சு, கடைசி வார்த்தை வந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல மா. வெள்ளையா இருந்துச்சு.”

யாரிடமும் சொல்லக் கூடாது என்றான். இப்படி ஒரு வரிசை தனக்கு வாய்த்ததே இல்லையாம். ஃபெட்டு, அந்தப் பண்ணைப் பையன், புதிதாக வலது பக்கம் வந்த இருவர் — ஐந்து பேரும் ஒரே உடம்பு மாதிரி நகர்கிறார்களாம். “இந்த ஒரு வருஷம் மா. ஒண்ணே ஒண்ணு.”

அவன் போன பிறகு குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவில் இன்னும் பள்ளம் இருக்கிறது. என் முதுகுப் பள்ளம்.

ஜூலை 28

இதை இதுவரை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கும் சொல்லவில்லை.

ஹோசியா ஆடிய கடைசி வருடம், எந்தச் சைகைக்கு எந்தப் பக்கம் போவது என்பது அவருக்கு நினைவில் நிற்கவில்லை. நான்தான் ஆட்டத்தன்று காலையில் பால்பாயின்ட் பேனாவால் அவர் மணிக்கட்டின் உள்பக்கம் எழுதிவிடுவேன். என் கோழிக்கிறுக்கல். மேலே டேப் சுற்றிவிடுவேன். பதினாறு ஞாயிற்றுக்கிழமை. எழுதி எழுதி அனுப்பினேன், முட்டிக்கொள்ள. இந்தக் கையை என்ன செய்வது? அடுப்பில் வைத்தால் என்ன?

ஜூலை 30

ப்ரூயிட்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கெட்டவள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு முழுதும் கேட்டாள்.

“மிஸ் வெர்லீன், பாதிப் பேரு வேணும்னே தப்பா சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். அதுல எது நெஜம்னு இந்த எண்ணை வெச்சு எப்படிச் சொல்லுவேன்? அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்னா சிரிச்சுட்டுப் போயிடுவான்.”

அவன் களத்தில் ஒரு தப்பும் செய்வதில்லையே என்றாள். கெஸ்லர் அவனை எல்லாரிடமும் காட்டிக் காட்டிப் புகழ்கிறாராம். தலை கெட்டவன் எப்படி ஒரு தடவை கூடத் திசை மாறாமல் ஓடுவான்? களத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே நிறுத்துவதாகச் சொன்னாள்.

எப்படி ஓடுகிறான்? அதுதான் எனக்கும் புரியவில்லை.

ஆகஸ்ட் 4

புரிந்துவிட்டது. ஆரஞ்சு நறுக்கி நானே களத்துக்குக் கொண்டுபோனேன். வரிசைக்கு நேர் பின்னால் நின்று பார்த்தேன். ஐந்து பேரும் குனிகிறார்கள். கடைசி நொடியில் ஓஸ்பியின் வலது கை என் மகன் இடுப்புக்கு வருகிறது. ஒரு தட்டு என்றால் நின்ற இடம். இரண்டு தட்டு என்றால் வலது பக்கம். கிள்ளினால் வரிசையை விட்டு இடது பக்கம் ஓட வேண்டும். என் மகன் அந்தக் கையைக் கேட்டுத்தான் ஆடுகிறான்.

பந்து போட்டதும் மண்ணும் புல்லும் பறக்கிறது. கோர்டெல் ஒருத்தனைத் தாடைக்குக் கீழே பிடித்து இரண்டு கெஜம் தள்ளி மண்ணில் அறைந்தான். கெஸ்லர் குதித்தார். “பாத்துக்கங்கடா! அஞ்சு பேருக்கும் ஒரே தலை! ஒரே தலை!”

ஆமாம் கோச். ஒரே தலைதான்.

ஆகஸ்ட் 5

காலையில் எல்லாருக்கும் முன்னால் வருகிறவன் ஓஸ்பி. பிடித்துக்கொண்டேன்.

மறைக்கவில்லை. மே மாதத்திலிருந்தே தட்டுகிறானாம். சண்டை போட்ட மறுநாள் கோர்டெலே வந்து கேட்டானாம். பக்கத்தில் நிற்பவனுக்கு இது கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றான். நல்ல பையன். அதனால்தான் எனக்கு அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

“நாளைக்குத் தட்டாத” என்றேன்.

“என்னால முடியாது மேடம். வரிசைல அப்படிச் செய்ய மாட்டாங்க.”

“அவன் அப்பாவுக்கு நானும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க கொண்டு போய் விட்டேன்னு வா, கல்லறைல காட்டறேன்.”

பெரிய முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். முட்டை வாங்காமலே போனான். ப்ரூயிட்டிடம் போய், நாளைக்குக் களத்தில் நில்லுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 6

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு முறையும் ஓஸ்பி தட்டினான். பார்த்தேன். மூன்றாவது முறை கை வரவில்லை. எல்லாரும் வலது பக்கம் போனார்கள். என் மகன் நின்றான். குனிந்தபடியே நின்றான். எதிரில் இருந்தவன் அவனை மிதித்து ஏறாத குறையாகத் தாண்டிப்போய், பயிற்சியில் யாரும் அடிக்கக் கூடாத பந்தெறிபவனை இடித்துத் தள்ளினான். கெஸ்லர் கத்தினார். அடுத்த முறை எல்லாரும் இடது பக்கம். இவன் வலது பக்கம் பாய்ந்து ஃபெட்டுவின் விலாவில் தலையைக் கொடுத்தான். அதற்கடுத்த முறை ஹட் சொல்வதற்கு முன்பே ஓடினான். யாருமில்லாத இடத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தான். ப்ரூயிட் கை தூக்கிப் பயிற்சியை நிறுத்திவிட்டாள். தொண்ணூறு ஆண்பிள்ளைகள், ஒருத்தன் கூடச் சிரிக்கவில்லை.

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். கூடத்தில் மேஜை கவிழ்கிற சத்தம். போய்ப் பார்த்தால் கோர்டெல் ஓஸ்பியை மல்லாக்கப் போட்டுக் கழுத்தில் வலது கையை வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறான். ஃபெட்டுவும் இன்னும் இரண்டு பேரும் மேலே விழுந்து இழுக்கிறார்கள். அசையவில்லை. ஓஸ்பி திருப்பி அடிக்கவே இல்லை. முகம் நீலமாகிறது. “ஏன்டா தட்டல? ஏன்டா தட்டல?” அதையே கேட்கிறான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். என்னை யார் என்று தெரியாத பார்வை.

கையில் இரும்புப் பொரிசட்டி இருந்தது. முழங்கைக்குக் கீழே போட்டேன். விடவில்லை. இரண்டாவது முறை இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டேன். எலும்பு போன சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கை விலகியது. ஓஸ்பிக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் கோர்டெல் என்னை அடையாளம் கண்டான். “மா?” என்றான்.

ஆகஸ்ட் 7

முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டது. தகடு வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் அவனுக்கு ஆட்டம் இல்லை. என்னைப் பார்க்க மாட்டேன் என்று நர்சிடம் சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆகஸ்ட் 9

கிளப்பில் என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். சாமானை எடுக்கப் போனேன். எனக்கும் கறுப்புப் பைதான். கெஸ்லர் வாசல் வரை வந்தார். உங்கள் வீட்டு வெறி எங்கே போயிற்று என்று இப்போதுதான் தெரிந்தது என்றார். கிண்டலா மரியாதையா தெரியவில்லை. “என் வரிசையை உடைச்சுட்டீங்க, மிஸ் வெர்லீன்.”

“கையத்தான் ஒடச்சேன்.”

எல்லாரும் சொல்கிறார்கள், நல்லவேளை, சட்டி தவறித் தலையில் பட்டிருந்தால் என்ன ஆவது என்று. தவறாது. அடுப்புக்கு முன்னால் முப்பது வருடம் நின்ற கை. முதல் அடி ஓஸ்பியை விடுவிக்க. இரண்டாவது அடி எதற்கு என்று எனக்குத் தெரியும். மனசறிந்துதான் ஓங்கினேன். ஓங்கும்போது, ஆட்டம் தொடங்கும் செப்டம்பரை நினைத்தேன். இந்தக் கையோடு அவனால் செப்டம்பரில் குனிய முடியாது என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையின் எலும்பு. எழுதிவிட்டேன். யாராவது படிக்கட்டும்.

ஆகஸ்ட் 21

ப்ரூயிட் அவனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தாள். இந்த முறை குறைத்துச் சொல்ல அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. மூன்று நாள் சோதித்தார்கள். எண் அதேதான் வந்தது. போனில் சொல்லும்போது ப்ரூயிட் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஜூலையிலேயே தெரியும்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை அவன் அங்கே போக வேண்டும். கை கட்டோடு ஓட்ட முடியாது. வேறு ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டான். பின் இருக்கையில் உட்கார்ந்தான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

செப்டம்பர் 7

முதல் ஆட்டம். பந்தெறிபவனை ஒருத்தனும் தொடவில்லை. முன்வரிசையை ஒரே கோடையில் எப்படிச் சீராக்கினார்கள் என்று டிவியில் கெஸ்லரைக் கொண்டாடினார்கள். இடமிருந்து இரண்டாவதாக யாரோ நின்றான். பேர் சொன்னார்கள். எழுத வரவில்லை.

செப்டம்பர் 16

பின் இருக்கைதான் இன்னும். இறங்கும்போது மட்டும் பேசினான். “அந்தப் பய வந்து பாத்துட்டுப் போனான். ஓஸ்பி. கழுத்துல தழும்பு இருக்கு மா.” கதவைச் சாத்திவிட்டான். அழுதிருப்பான் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 30

அங்கிருக்கிற டாக்டர் இன்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். அப்பாவுக்கு வந்ததே மகனுக்கும் இருக்கிறதா என்று உயிரோடு இருக்கும்போது சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் இனிமேல் முட்டாமல் இருந்தால் கொஞ்சம் திரும்பும் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கோர்டெல் கேட்டான். தெரியாது என்றார்.

விலகுகிறேன் என்று இடது கையால் கையெழுத்துப் போட்டு அணிக்கு அனுப்பிவிட்டானாம். என்னிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14

கட்டு பிரித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது சாவியைக் கேட்டான். கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிடிக்கும் கை மெலிந்திருக்கிறது, ஆனாலும் நேராகத்தான் ஓட்டினான். மழை. ரேடியோ போடவில்லை. அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெரு வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. தாண்டிப் போய்விட்டான். ஒன்பது வருடமாக இருக்கிற தெரு. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். எதிரே வரும் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டது.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“மறக்கல மா” என்றான். “உன் வீட்டுக்குத்தான் போறேன். பசிக்குது.”